வாய் மூடி நடந்த யோலாமு

சிப்பாட்டா பேருந்து நிலையத்தில் யோலாமு என்ஜோவுக்கு இருந்த வேலை, கத்துவது. முஃபுவே போகும் மினிபஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, "முஃபுவே, முஃபுவே, ஒரே ஒரு சீட்டு, உக்காந்ததும் கிளம்பிரும்!" என்று காலி வண்டியைக் காட்டிக் கத்த வேண்டும். அந்தத் தொண்டைக்கும் அந்த வேலைக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆனால் அவன் கத்துவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்தவர்களிடம் ஜன்னல் வழியாகப் பேசவும் செய்தான். அங்கேதான் வினை வந்தது.

ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்த பெண் ஒருத்தி, தன் தங்கை கல்யாணம் எப்படி நின்றுபோனது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சட்டையைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு ஓடினான் என்கிற இடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. மீதிக் கதை தெரியாமல் யோலாமுவால் எப்படி நிற்க முடியும்? ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். முஃபுவே வரைக்கும் போய், முழுக்கதையும் கேட்டுவிட்டு, அடுத்த நாள் திரும்பி வந்தபோது அவன் இடத்தில் வேறொருவன் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"வேலை போச்சேன்னு வருத்தமில்லையா?" என்று கேட்டவர்களிடம், "போனா போகுது. மாப்பிள்ளை ஏன் ஓடினான்னு தெரிஞ்சுக்கிட்டேன்ல?" என்று ஆரம்பித்து, கேட்டவர்களையும் வேலைக்குப் போகவிடாமல் செய்தான்.

அதன்பிறகு சொந்த ஊருக்கே, லுவாங்வா ஆற்றுப் பக்கம் வந்து சேர்ந்தான். தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்கச் சொன்னார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் இழவு, யார் சைக்கிளைக் காணோம் என்று தொடங்கினால், காணாமல்போன சைக்கிளை வாங்கிய அன்று நடந்தது வரைக்கும் சொல்வான். போதகரின் பிரசங்கத்தைவிட அறிவிப்பு நீளமாக ஆனதும், சபையில் பலர் அறிவிப்பு முடிந்த கையோடு எழுந்துபோக ஆரம்பித்ததும், போதகர் அவனை மெல்லத் தனியே கூப்பிட்டு, மணியடிக்கும் வேலையைக் கொடுத்தார். ஊரில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற திருகு இல்லாத ரேடியோ.

அவன் மனைவி எஸ்னாதி இதற்கு நேர்மாறு. ஒரு நாளைக்கு அவள் பேசுவதை ஒரு கைக்குள் பொத்திவிடலாம். மழை ஓய்ந்து, சேறு காய்ந்து, காட்டுக்குள் பாதை திறந்ததும், நடைப்பயண முகாம் ஒன்றுக்குச் சமைக்கப் போய்விடுவாள். அந்த முகாம் ஓரிடத்தில் நிற்காது. காலையில் விருந்தாளிகள் காட்டுக்குள் நடக்கத் தொடங்கியதும், பின்னாலேயே கூடாரங்களைச் சுருட்டி, கட்டில்களை மடக்கி, வாளியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட குளியலறையையும் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். வேறு வழியாகச் சுற்றிப்போய், ஆற்றின் அடுத்த வளைவில் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்துவார்கள். வியர்க்க விறுவிறுக்க விருந்தாளிகள் வந்துசேரும்போது அதே கட்டில், அதே நாற்காலி, எஸ்னாதியின் அடுப்பிலிருந்து அதே வாசனை. இரும்புப் பெட்டிக்கு மேலேயும் கீழேயும் கங்கு போட்டு, மண்குழிக்குள் அவள் சுடுகிற ரொட்டிக்காகவே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இருந்தார்கள்.

அந்த வருஷம் தேநீர்ப் பெட்டி சுமக்கிறவன் வேலையை விட்டுப் போய்விட்டான். முகாமின் வழிகாட்டி லுசுங்கு ஜிம்பா என்கிற பெண். வயதில் சின்னவள்தான். ஆனால் அவள் ஒரு விரலைத் தூக்கினால் லாரி டிரைவர்கூட இன்ஜினை அணைத்துவிடுவார். அவள் எஸ்னாதியிடம் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் சும்மாதானே இருக்காரு? பெட்டி தூக்குவாரா?"

"தூக்குவாரு."

"நடப்பாரா?"

"நாள் முழுக்க."

"அப்புறம் என்ன யோசிக்கிறீங்க? குடிப்பாரா?"

எஸ்னாதி மாவு பிசைந்த கையை நிறுத்தினாள். "குடிச்சாப் பரவாயில்லையே. பேசுவாரு."

லுசுங்கு சிரித்துவிட்டாள். காட்டில் நடக்கும்போது ஒரு சொல்கூடக் கூடாது என்பது அவளுடைய சட்டம். அவளுடையது மட்டுமல்ல, யானைக்கும் எருமைக்கும் நடுவில் கால்நடையாய்ப் போகிற எல்லாருடைய சட்டமும் அதுதான். யோலாமு வந்து, மார்பில் கைவைத்து, வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தைச் செய்துமுடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

வரிசை எப்போதும் ஒன்றுதான். முன்னால் துப்பாக்கியோடு காவலர் சூலு. அவருக்குப் பின்னால் லுசுங்கு. அப்புறம் விருந்தாளிகள், ஒருவர் பின் ஒருவராக. கடைசியில், முதுகில் கெட்டிலும் கோப்பைகளும் கேக்கும் அடைத்த பெட்டியோடு யோலாமு.

சூலு தொந்தியும் முறைப்புமாக இருக்கிற மனிதர். என்ஜோவு என்றால் யானை, சூலு என்றால் கறையான் புற்று. இரண்டும் கிண்டல் செய்துகொள்ளும் உரிமையுள்ள மச்சான் முறைக் குலங்கள். ஒருத்தன் வீட்டு இழவில்கூட மற்றவன் வந்து கேலி பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் நாளே யோலாமு ஆரம்பித்தான்.

"மச்சான், யானைக்கு முதுகு அரிச்சா எங்க போய் உரசும்?"

"தெரியும்டா. புற்றுலதான்."

"அதுக்குத்தான் கடவுள் உங்களை இவ்வளவு அகலமாப் படைச்சிருக்காரு."

"இருக்கட்டும். அந்த யானை வாயைத் திறந்தா, துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கே தெரியாது."

நடை தொடங்கியது. முதல் திருப்பத்திலேயே, கரையில் நின்றபடி தூங்கும் யானை ஒன்றைப் பார்த்தார்கள். தும்பிக்கையைத் தந்தத்தின் மேல் தூக்கிப்போட்டு, கனமான மூட்டையை இறக்கிவைத்த சுமைகூலிக்காரன் மாதிரி அசந்து நின்றது. யோலாமுவுக்கு அதைப் பார்த்ததும் சொல்ல ஐந்தாறு விஷயம் தோன்றியது. சொல்ல முடியவில்லை. அடுத்து, சேற்றில் இரண்டு நீர்யானைகள் பிட்டத்தோடு பிட்டம் முட்டிக்கொண்டு கிடந்தன. அவன் சித்தப்பா வீட்டுச் சண்டை அப்படியே கண்முன் வந்தது. அதையும் விழுங்கினான். பபூன் குரங்கு ஒன்று குட்டியை அடிக்க, குட்டி மரத்தின் மேலே போய் அம்மாவின் தலையில் ஒன்றுக்கு இருந்தது. அப்போது யோலாமு தன் சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டான். முதல் நாளிலேயே காலர் கிழிந்தது.

ஆற்றங்கரையில் பெரிய மரம் ஒன்றின் நிழலில் தேநீருக்கு நின்றார்கள். அங்கே மட்டும் தாழ்ந்த குரலில் பேசலாம். கெட்டிலை வைத்தானோ இல்லையோ, அணை உடைந்தது. யானை, சித்தப்பா, பபூன், ஓடிப்போன மாப்பிள்ளை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவனுடைய ஆங்கிலம் பேருந்து நிலைய ஆங்கிலம். அதில் இல்லாத சொல்லுக்குக் கையும் காலும் முகமும் இருந்தன. விருந்தாளிகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்தார்கள். லுசுங்கு கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. பேசத்தானே கூடாது, கையை ஆட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று அவனுக்கு ஓர் எண்ணம் வந்தது. வரிசையின் கடைசியில் நடக்கிற விருந்தாளி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மட்டும் ஊமைக்கூத்து நடத்த ஆரம்பித்தான். சூலு தொந்தியைத் தூக்கிக்கொண்டு மரக்கட்டையைத் தாண்டுவது எப்படி, லுசுங்கு சாணியைக் குச்சியால் கிளறிப்பார்க்கும்போது புருவம் எப்படிப் போகும் என்று எல்லாமே செய்துகாட்டினான். ஒரு நாள் கடைசியில் நடந்த அம்மாள் தாங்கமாட்டாமல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். மேய்ந்துகொண்டிருந்த புக்கு மான்கள் விசிலடித்துக்கொண்டு சிதறின. முன்னாலிருந்த எல்லாரும் திரும்பினார்கள். யோலாமு அந்த நேரம் பார்த்து ஒரு குச்சியோடு குனிந்து, புருவத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

லுசுங்கு அருகில் வந்து காதோடு கேட்டாள். "என்ன அண்ணே தேடுறீங்க?"

"சாணி, மேடம்."

"கிடைச்சுதா?"

"இப்பதான் மிதிச்சேன், மேடம்."

அதற்குப் பிறகு கையும் கட்டப்பட்டது. பெட்டியின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும் என்று உத்தரவு.

சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் அவன் நேரே அடுப்படிக்குத்தான் போவான். எஸ்னாதி வெங்காயம் நறுக்குவாள், களி கிண்டுவாள், கப்பெந்தாக் கருவாட்டைத் தக்காளியோடு வதக்குவாள். அவன் ஒரு மரத்துண்டின் மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து விழுங்கியதையெல்லாம் வரிசையாக எடுத்து வைப்பான். அவள் "ம்" என்பாள். எப்போதாவது, "குட்டிக்கு அடிபட்டுச்சா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சூலு ஒரு தடவை, "தங்கச்சி, வேணும்னா காதுல பஞ்சு வச்சுக்க, நான் தர்றேன்" என்று சொல்லியேவிட்டார். அவள் அவர் தட்டில் களியைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

இப்படியே இரண்டு பருவம் ஓடிற்று. அவன் பேசாமல் நடக்கப் பழகிவிட்டான் என்றே எல்லாரும் நம்பினார்கள். அப்புறம் செப்டம்பர் வந்தது.

வெயில் கொளுத்துகிற மாதம் அது. ஆறு மெலிந்து மணல் திட்டுகள் வெளியே வந்துவிடும். விலங்குகளெல்லாம் மிச்சமிருக்கிற தண்ணீரைச் சுற்றியே கிடக்கும். அன்று நான்கு விருந்தாளிகள். அதில் பெரிய வெள்ளை மீசை வைத்த சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர் ஒருவர். அன்றைக்கென்று எஸ்னாதி இஞ்சி கேக் செய்து அனுப்பியிருந்தாள். அது விருந்தாளிகளுக்கு. பெட்டி தூக்குகிறவருக்கு இல்லை என்பதை அவள் கிளம்பும்போதே தனியாகச் சொல்லியிருந்தாள்.

தேநீர் முடிந்து பெட்டியை அடுக்கும்போது கேக்கின் ஒரு மூலை உடைந்து கிடப்பதை யோலாமு கண்டான். உடைந்ததைத் திருப்பிக் கொண்டுபோனால் எஸ்னாதி வருத்தப்படுவாள் என்று வாயில் போட்டுக்கொண்டான். இப்போது கேக்கின் மறுபக்கம் கோணலாகத் தெரிந்தது. அதை நேராக்க இன்னொரு துண்டு. அந்தச் சமயம் பார்த்து லுசுங்கு கையை உயர்த்தி, கிளம்பலாம் என்றாள். மிச்சமிருந்ததையும் மொத்தமாக வாய்க்குள் திணித்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டியை முதுகில் ஏற்றினான்.

காய்ந்த ஓடையின் மணலில் இறங்கி, அடர்ந்த புதர் ஒன்றைச் சுற்றித் திரும்பினார்கள். சூலு சட்டென்று நின்றார். அவர் தொந்தியும் நின்றது.

புதரின் மறுபக்கம், கல்லெறி தூரம்கூட இல்லை, பெண் சிங்கம் ஒன்று. அதன் வயிற்றோடு ஒட்டி மூன்று குட்டிகள். அது எழுந்தது. காதுகள் தலையோடு படிந்தன. வால் சாட்டைபோல ஒரு பக்கம் அடித்தது, மறுபக்கம் அடித்தது. அதன் உறுமல் காதில் கேட்டதைவிட வயிற்றில்தான் கேட்டது.

குட்டியோடு இருக்கிற சிங்கத்துக்கு முன்னால் ஓடினால் முடிந்தது கதை. சூலு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். லுசுங்கு பின்னால் கையை நீட்டி, உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். அசையாதே, மூச்சுகூடச் சத்தமாக வேண்டாம் என்று அர்த்தம். எல்லாரும் நட்ட கம்பாக நின்றார்கள். பல் மருத்துவரின் மீசை மட்டும் நடுங்கியது.

அந்த அமைதியில்தான் யோலாமுவின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பியது. அவன் மூக்கைப் பிடித்தான், உதட்டைக் கடித்தான், கண்ணை மூடி மணியடிக்கிற தேவாலயத்தின் கடவுளை எல்லாப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டான்.

"ஹிக்!"

சிங்கத்தின் வால் பாதி வீச்சில் நின்றது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை. அந்த வரிசையில் அப்படிச் சத்தம் போடக்கூடிய ஒரே ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

"ஹிக்!"

படிந்திருந்த காதுகள் இரண்டும் மெல்ல நிமிர்ந்தன. சிங்கம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. இத்தனை வருஷமாக அந்தக் காட்டில் இருக்கிறது. மான் கத்துவது தெரியும், எருமை செருமுவது தெரியும், துப்பாக்கிச் சத்தமும் தெரிந்திருக்கலாம். இது என்ன பிராணி?

"ஹிக்!"

இப்போது குட்டிகளும் எழுந்துகொண்டன. மூன்று தலையும் ஒன்றுபோலச் சாய்ந்தன. அதில் துணிச்சலான ஒன்று, என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டடி முன்னால் வந்தது. குட்டி மனிதர் பக்கம் வந்தால் தாய் சும்மா இருக்காது. சூலுவின் விரல் விசைக்குப் போனது. யோலாமுவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அடக்க அடக்க, அடுத்தது பெரிதாக வந்தது. முதுகிலிருந்த கோப்பைகளெல்லாம் சேர்ந்து கிலுங்கின.

"ஹிக்க்!"

தாய்க்குப் பொறுமை போய்விட்டது. முன்னால் வந்த குட்டியின் முதுகில் பாதத்தால் ஒன்று வைத்தது. குட்டி உருண்டு திரும்பியது. வீதியில் சண்டை நடக்கும்போது பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு போகிற பெண்ணைப் போல, தாய் மூன்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு புதருக்குள் போனது. கடைசியாக ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது. இன்னொரு விக்கல் வந்தது. சிங்கம் போய்விட்டது.

அவர்கள் பின்னோக்கியே அடியடியாக நகர்ந்து, ஓடையின் அந்தக் கரையேறிய பிறகுதான் யாரோ ஒருவர் மூச்சு விட்டார். அப்புறம் எல்லாரும் விட்டார்கள். பல் மருத்துவர் மணலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

யோலாமுவின் விக்கல் நிற்கவில்லை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோப்பையின் எதிர்ப்பக்க விளிம்பில் வாய்வைத்துக் குனிந்து குடிக்கச் சொன்னார் பல் மருத்துவர். தண்ணீர் மூக்கில் ஏறியதுதான் மிச்சம். நாக்கில் சர்க்கரை வைத்துப் பார்த்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்கிப் பார்த்தான். சூலு திடீரென்று பின்னாலிருந்து "பா!" என்று கத்தினார்.

"மச்சான், ஹிக், சிங்கத்தைப் பார்த்தே நிக்கல. உங்களைப் பார்த்தா, ஹிக், நிக்கும்?"

முகாம் வரைக்கும் விக்கிக்கொண்டே நடந்தான். போகிற வழியில் போ போ என்று கத்துகிற சாம்பல் பறவைகள் மரத்துக்கு மரம் தாவி, இப்படி ஒரு பிராணி வருகிறது என்று காட்டுக்கே தண்டோரா போட்டன.

முகாமில் பஞ்சாயத்து கூடியது. விக்கல் பேச்சில் சேருமா சேராதா என்பதுதான் வழக்கு.

"வாயிலருந்து வந்தது பேச்சுதான்" என்றார் சூலு. "மூக்கால வந்திருந்தா விட்டிருப்பேன்."

"அது எங்களைக் காப்பாத்துச்சு" என்றார் பல் மருத்துவர்.

"காப்பாத்தல ஐயா. அந்தச் சிங்கம் சிரிப்பை அடக்க முடியாம எழுந்து போயிருச்சு."

லுசுங்கு எஸ்னாதியைப் பார்த்தாள். எஸ்னாதி அகப்பையோடு வந்து புருஷன் முன்னால் நின்றாள். அவள் நின்ற அந்தக் கணமே விக்கல் நின்றது.

"விக்கல் எதுனால வந்துச்சு, தெலேசியா அப்பா?"

தெலேசியா அவர்களுடைய மகள். அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"வெயிலு, தெலேசியா அம்மா. காத்தும் ஒரு மாதிரி."

எஸ்னாதி கையை நீட்டி, கடித்துக் கிழிந்த காலரின் மடிப்பிலிருந்து கேக் துண்டு ஒன்றை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். "காத்துல இஞ்சி வாசனை" என்றாள்.

பல் மருத்துவர் அன்றைக்கு இரண்டாவது தடவையாகத் தரையில் உட்கார்ந்தார்.

விருந்தாளிகள் ஊர் திரும்பும் வழியில், முஃபுவேயில் இருந்த முகாமின் தலைமை அலுவலகத்தில் போய் இந்தக் கதையைச் சொன்னார்கள். அவனைப் போல ஒருவனை ஊமையாகக் காட்டில் நடக்கவிடுவது பாவம் என்றார்கள். மேலாளருக்கும் அது சரியென்று பட்டது. அடுத்த லாரியில் யோலாமுவுக்கு அழைப்பு வந்தது. இனிமேல் அவன் விமான நிலையத்தில் விருந்தாளிகளை வரவேற்று, விடுதி வரைக்கும் வண்டியில் பேசிக்கொண்டே அழைத்துவர வேண்டும். பேசுவதுதான் வேலை. பேசுவதற்குத்தான் சம்பளம்.

"கடவுளுக்குக் கண்ணு இருக்கு" என்றான் யோலாமு. "காதும் இருக்கு."

"இனிமே அவர்தான் காதுல பஞ்சு வைக்கணும்" என்றார் சூலு. ஆனால் லாரி கிளம்பும்போது அவன் பையைத் தூக்கி மேலே வைத்தது அவர்தான்.

புதுச் சட்டை, புதுக் காலர். முதல் வாரம் அவன் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பகல் இரவாக விமானம் மாறி மாறி வந்தவர்கள், வண்டியில் ஏறிய உடனேயே வாயைப் பிளந்து தூங்கினார்கள். தூங்காதவர்கள் செல்போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சிக்னல் தேடினார்கள். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். பதிலைக் கேட்காமலே மறுபடியும் அதையே கேட்டார்கள். பரவாயில்லை, கேட்காதவர்களிடம் பேசி அவனுக்குப் பழக்கம் உண்டு.

வேறொன்றுதான் அவனை உலுக்கியது. பேசச் சரக்கில்லை. அந்தச் சாலையில் தினமும் அதே வேகத்தடை, அதே ஆடுகள், தக்காளிக் கூடையோடு அதே சைக்கிள்காரர். யானைக் கதையைச் சொன்னான், சித்தப்பா கதையைச் சொன்னான், சிங்கத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னான். ஒரு நாள் சிங்கக் கதை நடுவில், தன் குரலைத் தானே கேட்டான். காது புளித்துப்போனது. ஊரில் இத்தனை பேருக்கு இதுதான் ஆகியிருக்குமோ என்று முதன்முதலாக அவனுக்குத் தோன்றியது. பின்சீட்டில் விழித்திருந்த ஒரே ஒரு பெண், "நல்லாயிருக்கு, வேற சொல்லுங்க" என்றாள். யோலாமு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"ஆடு" என்றான் கடைசியில், ஜன்னலுக்கு வெளியே காட்டி. "அது ஆடு."

காட்டு முகாமில் செல்போன் எடுக்காது. தினமும் காலையில் வயர்லெஸ்ஸில்தான் அலுவலகத்தோடு பேசுவார்கள். எல்லா முகாமும் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும். யார் என்ன சாமான் கேட்டாலும் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் யோலாமு ஏதாவது சாக்குச் சொல்லி அலுவலகத்தில் போய் நின்றுகொள்வான். எஸ்னாதி சாமான் சொல்வாள். மாவு, எண்ணெய், வெங்காயம், ஓவர் என்று முடிப்பாள். அவள் குரலைக் கேட்டுவிட்டு அவன் திரும்பிவிடுவான்.

ஒரு காலை அவள் எண்ணெய் சொன்னாள், தக்காளி சொன்னாள். அப்புறம் ஓவர் சொல்லவில்லை. கருவி கரகரத்துக்கொண்டே இருந்தது.

"வேற என்னம்மா? ஓவர்" என்றாள் அலுவலகப் பெண்.

"இங்க..." என்றாள் எஸ்னாதி. பள்ளத்தாக்கு முழுக்கக் காத்திருந்தது. "இங்க சத்தமே இல்ல. ஓவர்."

ஏதோ ஒரு முகாமில் யாரோ சிரித்தார்கள். உடனே சூலுவின் குரல் குறுக்கே வந்தது. "மச்சான், அங்க நிக்கிறியாடா? ரொட்டி உப்பவே மாட்டேங்குது. அவ பாட்டுக்கு அடுப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. எங்க பல்லெல்லாம் ஆடுது. அந்த மீசைக்கார டாக்டரையாவது திருப்பி அனுப்பு, இல்லன்னா நீ வா. ஓவர்."

யோலாமு நேரே மேலாளரின் அறைக்குப் போனான்.

"உனக்குப் பைத்தியமாய்யா?" என்றார் மேலாளர். "பேசறதுக்குச் சம்பளம் தர்றோம். அதை விட்டுட்டு, பேசக்கூடாதுங்கற இடத்துக்குப் போறேங்கற?"

"ஐயா, அங்க காலையிலருந்து வாயை மூடிக்கிட்டு நடந்தா, சாயங்காலம் சொல்ல ஏதாவது இருக்கும். இங்க வாயைத் திறந்தா ஆடுதான் வருது."

மேலாளருக்குப் புரியவில்லை. ஆனால் அவன் அதை விளக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாடு போய்விடும் என்பது புரிந்தது. சரி என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவனுக்குப் பதிலாகப் பெட்டி சுமந்துகொண்டிருந்தவர் யாரிடமும் பேசாத ஒரு மனிதர். கோப்பைகளை மறந்துவிட்டு வருவார், எருமை என்றால் கால் நடுங்கும். இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். இப்போதும் விமான நிலையத்துக்கு அவர்தான் போகிறார். வண்டியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். விருந்தாளிகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். இப்படி ஓர் அருமையான ஆளை எங்கே பிடித்தீர்கள் என்று மேலாளரிடம் கேட்கிறார்கள்.

யோலாமு சாமான் லாரியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து முகாமுக்கு வந்து இறங்கினான். எஸ்னாதி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவன் தன் மரத்துண்டின் மேல் உட்கார்ந்தான். அவள் காத்திருந்தாள். அவன் பேசவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அங்க ஒண்ணுமே நடக்கல."

எஸ்னாதி பதறி எழுந்து, மாவுக் கையோடு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா? கொசு கடிச்சுதா?"

நெற்றியில் மாவோடு அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தாள். லாரியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எஸ்னாதியின் சிரிப்புச் சத்தத்தை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர்கள் நடந்தார்கள். கரையெல்லாம் சிவப்புப் பறவைகள் பொந்து பொந்தாகக் குடைந்து கூடு கட்டியிருந்தன. முதலை ஒன்று செத்த நீர்யானையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, வேறு முதலைகளை அண்டவிடாமல் வாயைப் பிளந்து காட்டியது. காட்டுநாய்க் கூட்டம் ஒன்று ஆற்றில் இறங்கி, தண்ணீர் குளிர்கிறது என்று யோசித்து, ஒவ்வொன்றாகத் திரும்பி ஏறியது. எல்லாவற்றுக்கும் முன்னால் போன ஒன்று மட்டும், கூட்டம் திரும்பியது தெரியாமல் தனியாக நீந்தி அக்கரைக்குப் போய், உடம்பை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. யாரையும் காணோம். யோலாமு வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

தேநீருக்கு நின்றதும் கெட்டிலை வைத்தான். கோப்பைகளை அடுக்கினான். வாயைத் திறக்கப்போனவன் லுசுங்குவைப் பார்த்துத் தயங்கினான். கடிகாரத்தைத் தட்டிக் கிளப்புகிறவள், இன்றைக்கு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து காலணி நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். தளர்த்துகிற நேரமா இது?

"என்னடா பார்க்கிற?" என்றார் சூலு. துப்பாக்கியை மடியில் கிடத்தி, தொந்தியைத் தோதாக வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். "அந்த நாயி அக்கரையில நின்னு என்ன நினைச்சிருக்கும்? அதைச் சொல்லு."

யோலாமு ஆரம்பித்தான். தேநீர் ஆறியது. வெயில் ஏறி நிழல் சுருங்கி, எல்லாரும் நகர்ந்து நகர்ந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.